எங்கள் வீட்டு மைல்ஸ் கட்சி

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. நான் கேஷ்பேக் கட்சி, என் வீட்டுக்காரர் மைல்ஸ் கட்சி. ஒரே மகள் எந்தக் கட்சியிலும் சேராமல், சண்டை முற்றினால் கைப்பேசியில் கணக்குப் போட்டு யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வாள். அவள் ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தீர்ப்பு பெரும்பாலும் என் பக்கம்தான் வரும். ஆனாலும் அப்பாவைக் காட்டி, "பாவம்மா, விடுங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வாள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

என் கட்சியின் கொள்கை எளிமையானது. கிரெடிட் கார்டைத் தட்டினால், மாதக் கடைசி பில்லில் இத்தனை வெள்ளி கழிந்திருக்க வேண்டும். காடிக்குப் பெட்ரோல், பேரங்காடியில் மளிகை, கைப்பேசிக் கட்டணம், இந்த மூன்றுக்கும் என் கார்டு நன்றாகத் திருப்பிக் கொடுக்கும். அதற்கும் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தொடும்வரை தட்டுவேன், தொட்டதும் கார்டைப் பைக்குள் போட்டுவிடுவேன். மாசாயில் நான் மருந்து எடுத்துக் கொடுக்கும் கிளினிக்கில், புதுக் கார்டு எடுக்க நினைக்கும் பெண்கள் வங்கியைக் கேட்குமுன் என்னைத்தான் கேட்பார்கள். மலாயில் சொம்போங் என்பார்களே, அந்தத் தலைக்கனம் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

அவர் கட்சியில் அப்படிக் கையில் எதுவும் வராது. தட்டுகிற வெள்ளிக்குப் பாயிண்ட் சேரும். பாயிண்ட்டை மைல்ஸாக மாற்ற வேண்டும். மைல்ஸ் போதுமான அளவு சேர்ந்தால் விமான டிக்கெட் எடுக்கலாம். சேராவிட்டால் ஒன்றுமில்லை. இதற்கு வருடக் கட்டணம் வேறு.

"இருக்கிறத விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதீங்க" என்றேன் ஒரு நாள்.

"பறக்கத்தான் லா சேக்கிறேன்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அவர் வேலையைச் சொன்னால்தான் இந்த ஆசை விளங்கும். இருபத்திரண்டு வருடமாக விடியுமுன் மோட்டாரைக் கிளப்பி, எல்லைப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் விமான நிலையத்துக்குப் போய்வந்தவர். பயணிகளின் பெட்டிகளை விமானத்தில் ஏற்றும் வேலை. குத்தகை நிறுவனத்தின் ஆள் என்பதால் விமான நிறுவனத்தின் சலுகை டிக்கெட் எதுவும் அவருக்குக் கிடையாது. எத்தனை ஆயிரம் பெட்டிகளை ஏற்றியிருப்பாரோ தெரியாது, தான் மட்டும் ஒரு தடவைகூட ஏறியதில்லை. நானும் ஏறியதில்லை. எனக்கு அது ஒரு குறையாகவும் தெரிந்ததில்லை.

பக்கத்துச் செனாய் விமான நிலையத்திலிருந்து பினாங்குக்கு மலிவு டிக்கெட் எத்தனையோ முறை வந்தது. மகள் காட்டுவாள். அவர் தலையை ஆட்டிவிடுவார். "அது வேணாம். என் எடத்துலேர்ந்து போவணும். பெரிய ப்ளேனா இருக்கணும். நீயும் நானும் சேந்து போவணும்." இந்த மூன்றுக்கும் மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். தனக்குத் தெரிந்தவர்கள் கீழே நின்று பெட்டி ஏற்ற, தான் மேலே பயணியாக உட்கார்ந்து போக வேண்டும் என்ற ஆசை போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஆண்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். கெட்ட ஆசை இல்லையே என்று விட்டுவிட்டேன்.

அவர் ஆசையைச் சும்மா விட்டேனே தவிர, அதற்காக அவர் செய்த கூத்துகளை விடவில்லை. சிங்கப்பூரில் தட்டினால் பாயிண்ட் அதிகம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் இவரே கார்டைத் தட்டத் தொடங்கினார். ஒருவருக்குக் கைப்பேசி, இன்னொருவருக்குத் துணி துவைக்கும் இயந்திரம். அவர்கள் சிங்கப்பூர் வெள்ளியைக் கையில் கொடுப்பார்கள், இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பெருமையாக மேசைமேல் வைப்பார். நான் பில்லை எடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டுச் செலவுக்கென்று வங்கி ஒவ்வொரு முறையும் ஒரு தொகையைக் கூட்டிப் போட்டிருந்தது.

"ஏங்க, ஊரான் துணி துவைக்கிறதுக்கு நாம காசு குடுத்திருக்கோம். தெரியுமா?" என்றேன்.

பில்லை வாங்கிப் பார்த்தார். "அலாமாக்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். கோபம் வராத மனிதரோடு சண்டை போடுவது போல அலுப்பான காரியம் வேறில்லை.

அதற்குப் பிறகு உள்ளூரில் மட்டும் தட்டினார். நடுவில் ஒருமுறை பாயிண்ட்டுக்கு ஆயுள் உண்டு என்று தெரியாமல் முதலில் சேர்த்ததில் ஒரு பங்கு செத்துப்போனது. அன்றைக்கு மட்டும் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்துவிட்டார். எனக்கே மனது கேட்கவில்லை. என் கேஷ்பேக்கில் நெத்திலி வாங்கிச் சம்பால் செய்து மறுநாள் போட்டேன். அதைச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் சேர்க்கத் தொடங்கினார்.

போன வருடம் நடுவில், டிசம்பரோடு வேலை முடிகிறது என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். வயது ஆகிவிட்டது, பெர்மிட்டை இனிப் புதுப்பிக்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது முகத்தில் வருத்தம் இல்லை, அவசரம்தான் இருந்தது.

"வேல முடியிறதுக்குள்ள போவணும்மா. பாஸைத் திருப்பிக் குடுத்துட்டா அந்த எடத்துக்கும் எனக்கும் ஒன்னும் இல்ல. அங்க யாரு எந்த ப்ளேனுக்கு வேல செய்யிறாங்கன்னுகூடத் தெரியாது. இப்பப் போனாத்தான் உண்டு."

"இப்பப் போனா என்ன, அடுத்த வருசம் போனா என்ன? ப்ளேன் ஓடிப் போயிடுமா?"

"இல்ல. இப்பதான்" என்றார். இவ்வளவு அழுத்தமாக அவர் எதையும் கேட்டதில்லை.

மகளிடம் மைல்ஸ் கணக்கைத் திறந்து காட்டினார். பெர்த்துக்கு இரண்டு பேருக்குச் சரியாக வந்துவிட்டது என்று அவரே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். ஏன் பெர்த் என்று கேட்டேன். அவர் வேலை செய்யும் பகுதியிலிருந்து, பகல் ஷிப்டு நேரத்தில் கிளம்பும் பெரிய விமானம் அதுதானாம். அங்கே எங்களுக்கு ஒரு ஈ காக்கைகூடத் தெரியாது. ஊர் போய்ச் சேருவதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

மகள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ப்பா, இது போறதுக்கு மட்டும்தான்பா" என்றாள்.

"ஆமா, போறதுக்குத்தான்."

"வர்றதுக்கு இதே அளவு இன்னொரு தடவ வேணும்."

அவருக்கு விளங்க வெகுநேரம் ஆனது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. இங்கிருந்து பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்குப் போவது என்றாலே போய்விட்டு வருவதுதான். காலையில் போனவர் மாலையில் வீட்டில் இருப்பார். போவதற்கு ஒரு விலை, திரும்புவதற்கு ஒரு விலை என்று அவர் இருபத்திரண்டு வருடத்தில் யோசித்ததே இல்லை. மகள் இரண்டு வழி சொன்னாள். இருப்பதை வைத்து ஒருவர் மட்டும் போய் வரலாம். இல்லையென்றால் இரண்டு பேரும் போகலாம், திரும்ப முடியாது.

"நீங்க போயிட்டு வாங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"நான் மட்டும் போயி என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

காசு கொடுத்துத் திரும்பும் டிக்கெட்டை வாங்கலாம்தான். ஆனால் வேலை முடியப் போகிற வீட்டில் அந்தத் தொகையை எடுக்க அவர் ஒத்துக்கொள்ளமாட்டார், எனக்கும் கை வராது. டிசம்பருக்கு ஐந்து மாதம் இருந்தது. அந்த வார இறுதியில் பேரங்காடியில் காசாளர் முன்னால் நின்றேன். கை பழக்கத்தில் என் கார்டை எடுத்துவிட்டது. உள்ளே வைத்துவிட்டு அவருடைய மைல்ஸ் கார்டை வாங்கித் தட்டினேன். எண்ணெய், அரிசி, மீன், எல்லாம் அதில். ஒரு சென் கழியாது என்று தெரிந்தே தட்டினேன். அவர் பைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். சந்தோஷம் வந்தால் அவர் நடை அப்படித்தான் ஆகும்.

கட்சி மாறியவள்தான் பழைய ஆளைவிட மோசமாக இருப்பாள் என்பது உண்மை. மளிகையையும் பெட்ரோலையும் வைத்து ஐந்து மாதத்தில் அவ்வளவு சேராது என்று மகள் சொன்னாள். அப்போதுதான் பாலோ ஊரில் இருக்கும் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கல்யாணம் என்றால் செலவு, செலவு என்றால் பாயிண்ட். நான் வேலைக்கு விடுமுறை போட்டுவிட்டு அண்ணியோடு கடை கடையாக ஏறினேன். பட்டுச் சேலை எடுத்தார்கள், நான் தட்டினேன். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, நான் தட்டினேன். மண்டபத்துக்கு முன்பணம், நான் தட்டினேன். அண்ணி அங்கேயே என் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடுவாள். நகைக் கடையில் கார்டு என்றால் விலை ஏறும் என்றார்கள், அதைத் தொடவில்லை. சமையல்காரர், "கேஷ் மட்டும்தாம்மா" என்றார். அவரிடம் அரை மணி நேரம் பேசிப் பார்த்தேன். கடைசியில் அரிசி, கோழி, காய்கறி எல்லாவற்றையும் நானே வாங்கித் தருகிறேன், சமைக்கிற கூலியை மட்டும் ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒத்துக்கொள்ள வைத்தேன்.

இதில் நான் யோசிக்காத ஒன்று இருந்தது. கல்யாணப் பெண்ணுக்கு நான் அத்தை. அத்தை கடைக்குக் கடை கார்டைத் தட்டுவதைப் பார்த்த சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அத்தைதான் கல்யாணத்தையே செய்கிறாள் என்று பாலோ முழுக்கப் பேச்சாகிவிட்டது. அண்ணன் போனைப் போட்டார். குரலே சரியில்லை.

"ஏம்மா, என் பொண்ணு கல்யாணத்த நான் செய்யிறனா, நீ செய்யிறியா?"

"நீங்கதாண்ணே. அண்ணி எனக்குக் காசு குடுத்துட்டாங்களே."

"அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? தங்கச்சி காசுல பொண்ணக் கட்டிக் குடுக்கிறான்னு என் காதுபடப் பேசுறாங்க."

எனக்கு மானம் போய்விட்டது. மறைக்க வழியில்லாமல் முழுக் கதையையும் சொன்னேன். மைல்ஸ், பெர்த், ஒரு வழி டிக்கெட், டிசம்பர். அண்ணன், "பெர்த்ல யாரு இருக்கா?" என்றார். யாரும் இல்லை என்றேன். "அப்ப பழனிக்குப் போலாமே?" என்றார். இந்தியா விமானம் வேறு பகுதியிலிருந்து போகிறதாம் என்றேன். "உன் வீட்டுக்காரருக்கு மூளை கெட்டுப் போச்சா?" என்று கேட்டுவிட்டு, இருமல் வருமளவுக்குச் சிரித்தார். அடுத்த வாரம் கல்யாண வேலைகளுக்கு வந்த அத்தனை பேரிடமும் அவரே சொல்லியிருக்கிறார், "என் தங்கச்சி ப்ளேன் ஏறணும், எது வாங்குனாலும் அவகிட்டக் குடுங்க தட்டட்டும்." பேச்சு நின்றது. அதற்குப் பதில் யாரோ ஒருவர் காடிக்கு நான்கு டயர் மாற்ற என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

நவம்பரில் மைல்ஸ் நிறைந்தது. மகள் டிக்கெட்டைப் போட்டுவிட்டு இருக்கையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வலது பக்கம். றெக்கைக்குப் பின்னாடி. இன்னும் பின்னாடி."

"ப்பா, அங்க டாய்லட் இருக்கு. ஆட்டமும் அதிகமா இருக்கும். முன்னாடி எடம் இருக்கே."

"அங்கதான்" என்றார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இத்தனை பேர் காலில் விழுந்து சேர்த்த மைல்ஸில் கழிவறை பக்கத்தில் உட்கார வைக்கிறாரே என்று இரண்டு நாள் புலம்பினேன்.

புறப்படும் நாள் மகள் எங்களைப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விட்டாள். அவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். தினமும் போகிற இடம்தான், ஆனால் பயணிகள் போகும் வாசல் எது என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு முறை தப்பான பக்கம் நடந்து, ஒரு காவலரிடம் வழி கேட்டுக்கொண்டு வந்தார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை, கண் சிவந்திருந்தது.

விமானத்துக்குள் போய் இருக்கையைக் கண்டுபிடித்ததும் நான் ஒதுங்கி நின்றேன். ஜன்னலோரம் அவருடையது என்றுதான் நினைத்திருந்தேன்.

"நீ உக்காரு" என்றார்.

"எத்தன வருசமா ஆசப்பட்டீங்க, நீங்க உக்காருங்க."

"நான் தெனமும் பாக்குறதுதான். நீ பாரு."

உட்கார்ந்து கீழே பார்த்தேன். நேர் கீழே, சாய்வாக மேலேறும் ஒரு பட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் வண்டியிலிருந்து பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அதில் வைத்தார். வெயில் நன்றாக அடித்தது. பட்டை போய் முடியும் இடத்தில் விமானத்தின் வயிற்றில் ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. இன்னொருவர் பட்டைமேல் ஏறிப் போய், குனிந்து, அதற்குள் தவழ்ந்து நுழைந்தார். அவர் பூட்ஸ் மறையும்வரை பார்த்தேன்.

"பெரிய டப்பாவுல அடுக்குறதெல்லாம் மெஷின் ஏத்திடும்" என்றார் அவர், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு. "மிச்சம் மீதி, கடைசியா வர்றது, சக்கர நாற்காலி, புள்ள வண்டி, அதெல்லாம் இந்த ஓட்டைக்குள்ள. நிமிர முடியாது. முட்டி போட்டுக்கிட்டே அடுக்கணும்."

"உள்ள போறது யாரு?"

"இன்னைக்கு என் கூட்டாளி. நான் இதுல வர்றது அவனுக்குத் தெரியும். இத்தன வருசமா நான்தான். நான் ஒல்லி, அதனால என்னைய அனுப்புவாங்க."

அவர் முட்டிக்கு எத்தனை வருடம் தைலம் தேய்த்திருக்கிறேன். மோட்டார் ஓட்டியே முட்டி தேய்ந்துபோய்விட்டது, பஸ்ஸில் போனால் என்ன என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன். திட்டும்போதெல்லாம் ஆமாம், ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. "சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"சொன்னேனே, பெட்டி ஏத்துறேன்னு" என்றார். "வீட்டு ஆளுங்கள உள்ள கூட்டிட்டு வர முடியாது. போட்டோவும் எடுக்கக் கூடாது. எப்படித்தான் காட்டுறது? நீ ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் இந்தப் பக்கம் போடச் சொன்னேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிகள் தீர்ந்தன. உள்ளே போனவர் தவழ்ந்தே வெளியே வந்து, முதுகை நிமிர்த்தி, சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பட்டையை இழுத்துக்கொண்டு போகுமுன் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலுக்கும் பொதுவாகக் கையை ஆட்டினார்கள். நான் இரண்டு கையாலும் ஆட்டினேன். அவரும் ஆட்டட்டும் என்று திரும்பினால், தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிப்போயிருந்தார்.

விமானம் நகர்ந்தபோதும் அவர் எழவில்லை, ஓடியபோதும் எழவில்லை, தரையை விட்டுக் கிளம்பியபோதும் எழவில்லை. கடலும் கப்பல்களும் சின்னதாகிப் போனதை நான் ஒருத்தியாகத்தான் பார்த்தேன். வெகுநேரம் கழித்துச் சாப்பாடு கொண்டுவந்த பெண், அவரை எழுப்பட்டுமா என்று சைகையால் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அவர் தட்டையும் நானே வாங்கி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.